நானூற்று நாற்பத்திரண்டு பாலங்கள்

அக்டோபர் 8

இன்று காலை ஏழு நாற்பதுக்கு, இரண்டு கோப்பை காபிக்கும் நீண்ட ஆலோசனைக்கும் பிறகு, சனிக்கிழமை பழுப்புத் தொப்பி அல்ல, சாம்பல் தொப்பியே அணிவது என்று தீர்மானித்தேன். சுற்றுலாப் பயணிக்குப் பழுப்பு பொருந்தாது.

பயணம் என் சொந்த ஊரான பிட்ஸ்பர்கில்தான். மகள் டாராவின் உத்தரவு. இருபத்துநான்காம் தேதி இந்த வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அரிசோனாவில் அவளோடு போய் இருக்க வேண்டும். “அப்பா, எழுபத்தோரு வருஷமா அங்கயே இருக்கீங்க. அந்த இழுவை ரயில்ல ஒரு தடவகூட ஏறினதில்ல. கெளம்பறதுக்குள்ளயாவது ஏறிடுங்க, வெக்கக்கேடு!”

அக்டோபர் 9

டாரா இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. ஏன் எடுக்கல? பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். ஒரு பெட்டிகூடக் கட்டல.

அக்டோபர் 10

ஏறினேன். மலைச்சரிவில் மேலிருந்து கீழே நான்கு நிமிடம். என் மனைவி லோயிஸ் உயிரோடு இருந்தவரை, ஒரு தடவை ஏறலாமே என்று ஆண்டுதோறும் கேட்பாள். “அது எங்க ஓடிப்போகப் போகுது?” என்பேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். ரயில் ஓடிப்போகவில்லை.

எதிர் இருக்கையில் சிவப்பு மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண்மணி, என் வயதுதான். பக்கத்தில் வெளியூர் இளம் தம்பதி. கீழே சந்தைக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவன். தெளிவாகச் சொன்னேன்: “பாலம் தாண்டி நேராப் போங்க. ஹோர்வட் பேக்கரி இருந்த எடத்துல இடது பக்கம்.”

“பேக்கரி எங்க இருந்துது?” என்றார் சிவப்புக் கோட்டு. “அது செருப்புக்கடைங்க. பேக்கரி எரிஞ்சுபோன தியேட்டருக்கு எதுத்தாப்புல.”

“தியேட்டர் எரியவே இல்லம்மா, இடிச்சாங்க.”

“எரிஞ்சுது. எங்க அண்ணன் உள்ள இருந்தான்.”

அந்த இளைஞன் பணிவாகக் கேட்டான்: “இப்ப அங்க என்ன இருக்கு?”

இருவருக்கும் தெரியவில்லை. ரயில் நின்றது. வேறு வழியின்றி நால்வரும் நடந்தே போய்ப் பார்த்தோம். வண்டி நிறுத்தும் இடம். தம்பதி நன்றி சொல்லிவிட்டு, கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு போனார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்று நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

சிவப்புக் கோட்டின் பெயர் பெர்னடெட். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. எங்கள் ஊரில் யாரும் லேசில் ஆற்றைத் தாண்ட மாட்டார்கள்.

“ஆத்தத் தாண்டியா வந்தீங்க? அவ்வளவு தூரமா?”

“கிண்டல் பண்ணாதீங்க. எங்க தெருவுல சொன்னேன், சாப்பாடு கட்டித் தரவான்னு கேட்டாங்க.”

கணவர் இறந்த பிறகு மாதம் ஒரு புதுப் பாலம் கடப்பது என்று வைத்திருக்கிறாராம். இன்று நான்காவது. ஊரில் மொத்தம் நானூற்று நாற்பத்தாறு.

சாண்ட்விச் சாப்பிட்டோம். எங்கள் ஊர் வழக்கப்படி ரொட்டிக்கு உள்ளேயே வைத்திருந்த உருளைக்கிழங்கு வறுவலை வெளியே எடுத்துத் தனியாகத் தின்றார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். லோயிஸைப் பற்றிக் கேட்டார். ரயில் கதையைச் சொன்னேன். ஒரு வறுவலை என் தட்டில் வைத்தார்.

“மாசம் ஒண்ணுன்னா இன்னும் முப்பத்தேழு வருஷம் ஆகும்” என்றேன்.

“தெரியும். வாரம் ஒண்ணா ஆக்கலாம்னு பாக்கறேன். தொணைக்கு யாராவது வந்தா.”

நான் அரிசோனா போவதைச் சொன்னேன். “ஓ” என்றார். “அங்க ஆறு இருக்கா?”

“இருக்கு. தண்ணிதான் இல்ல.”

அக்டோபர் 12

வாரம் ஒன்று என்றால் எட்டரை ஆண்டுகள். இருமுறை கணக்கிட்டேன்.

அக்டோபர் 15

டாராவை அழைத்தேன். பாலங்களைப் பற்றித்தான் முதலில் பேசினேன். நெடுநேரம் பேசியிருப்பேன் போலிருக்கிறது.

“அப்பா, யாரு அந்த அம்மா?”

“எந்த அம்மா?”

“எனக்கென்ன வயசு ஆறா?” அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். சிரிக்கிறாளா, அழுகிறாளா? இவ்வளவு தூரத்தில் எப்படித் தெரியும்? “உங்களுக்காக அந்த ரூமுக்கு நீலப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன்ப்பா.”

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 24

வீட்டை வாங்க இருந்தவர்களிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன்; வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். காலையில், குளிர்காலத்துக்காக, நிலவறைச் சூடேற்றியைப் பழுதுபார்க்க ஆள் வந்தார். புது வடிகட்டி போட்டுவிட்டுப் போனார்.