பொட்டு ஒட்டும் ஜன்னல்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

வேலையிடத்தில் ஒரு விபத்து. பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை நான் துடைத்து முடித்த ஜன்னலில் ஒரு குருவி வேகமாக வந்து மோதி விழுந்தது. "நீ தொடைச்சா கண்ணாடி இருக்கறதே தெரியலயேப்பா, பாவம் அதுக்கு எப்படித் தெரியும்?" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருவியை அட்டைப்பெட்டியில் மூடி, சத்தமில்லாத மூலையில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறந்தேன், விர்ரென்று பறந்துவிட்டது.

கண்ணாடியின் வெளிப்பக்கம் மூன்று விரல் இடைவெளிக்கு ஒன்றாகப் புள்ளிகள் வைத்தால் பறவைகள் விலகிப் போகுமாம். சோப்பால் வைத்தேன். மழையில் கரைந்துவிட்டது.

அப்போதுதான் நம் பீரோக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. படுக்கப் போகுமுன் நீ அதில் பொட்டை ஒட்டுவாய். காலையில் நான் நகத்தால் சுரண்டிக்கொண்டே கத்துவேன். "பொட்டுதானேங்க, உங்க கண்ணையா உறுத்துது?" என்பாய். அதற்குப் போய் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

யாராவது இங்கே வந்தால் பெரிய ஸ்டிக்கர் பொட்டு பத்து அட்டை கொடுத்தனுப்பு. ஒரு ஜன்னலில் ஒட்டிப் பார்க்க மேற்பார்வையாளர் சம்மதித்துவிட்டார். அதோடு, நீ வைத்து எடுத்த பொட்டு ஒன்றையும் தனியாக அனுப்பு. அது குருவிக்கு இல்லை. என் அறையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு.

வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். பீரோக் கண்ணாடியைத் துடைத்து வைக்காதே.

உன் வீட்டுக்காரன்