சிக்கனமாகச் சீவிய நாலு துண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் என் தப்பு ஒன்று இருக்கிறது. கோபம் வந்தாலும் பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே, கடைசிவரை படி. போனில் சொல்லலாமென்றால் நீ பன்னிரண்டு நாளாக எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அழுதே காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

அத்தானின் ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த சதையை மெழுகில் புதைத்து எங்கள் லேபுக்கு அனுப்பினார்கள் அல்லவா? அவருடைய புற்றுநோய்க் கட்டியில் குறிப்பிட்ட மரபணுக் கோளாறு இருந்தால்தான் புது மருந்துச் சோதனையில் அவரைச் சேர்ப்பார்கள். அது என்ன கோளாறு என்று நீ கேட்டபோது சிடுசிடுத்தேன். இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபு இழை உன் கம்பளி நூல் உருண்டை மாதிரி சுற்றிக் கிடக்கிறது. வேண்டிய இடத்தில் தளர்த்தவும் வேண்டாத இடத்தில் இறுக்கவும் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் மரபணு பழுதானால், தான் ஈரல் செல் என்பதே மறந்துபோய் அது தறிகெட்டுப் பெருகும். அப்படிப்பட்ட செல் வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கிறது. அந்தப் பிடியைத் தட்டிவிடத்தான் இந்த மருந்து.

சொந்தக்காரர் சாம்பிளை நாமே தொடக்கூடாது என்பது எங்கள் லேப் சட்டம். நான் கேட்டேனா? என்கூட வேலை பார்க்கும், நாங்கள் பட்டாசு என்று கூப்பிடுகிற பெண்ணின் தட்டில் அது இருந்தது. அவளுக்கு முரட்டுக் கை, வீணாக்கிவிடுவாள் என்று பயந்து நானே எடுத்து வெட்டினேன். எப்போதும் முதல் துண்டுக்குச் சாயமேற்றி எங்கள் லேப் டாக்டரம்மாவிடம் காட்டுவோம். கட்டி வந்துவிட்டது என்று அவர் தலையாட்டிய பிறகுதான் மற்றதை வெட்டுவோம். அந்த ஒரு துண்டுகூட வீணாக மனசு வரவில்லை. காட்டாமலேயே மேலாக நாலு துண்டு சீவி, ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டேன். கோளாறு இல்லை என்று முடிவு வந்தது. உனக்குச் சொன்னேன். நீ அழக்கூட இல்லை, சரி என்று போனை வைத்துவிட்டாய்.

அந்தச் சரி என் காதைவிட்டுப் போகவே இல்லை. திங்கட்கிழமை, மிச்சம் வைத்த துண்டுக்குச் சாயமேற்றிப் பார்த்தேன். ஐயோ அக்கா, அத்தனையும் நல்ல செல்! கட்டி அடியில் கிடக்க, நான் மேலே மேலே சீவியிருக்கிறேன். நேரே போய் டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாசத்தையெல்லாம் வீட்டில் வச்சுக்கோ, கத்தியில காட்டாதே என்றார். ஒரு மாதம் வெட்டும் மேசைப் பக்கம் போகக்கூடாதாம். எனக்கு அது வேண்டும்தான்.

அப்புறம் பட்டாசு உட்கார்ந்தாள். சரக் சரக்கென்று சீவித் தள்ளினாள். ஒவ்வொரு துண்டாக எண்ணிக்கொண்டே பக்கத்தில் நின்றேன். பதினொன்றாவது துண்டில் கட்டி வந்தது. இன்று காலை முடிவும் வந்தது. கோளாறு இருக்கிறது, அக்கா! வீட்டு மனிதருக்குக் கோளாறு என்று கேட்டுத் துள்ளிக் குதித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டாசைக் கட்டிப்பிடித்து அவள் வெள்ளைக் கோட்டையே நனைத்துவிட்டேன்.

டாக்டரம்மா உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டார். பதினெட்டாம் தேதிக்குள் அத்தான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்து கட்டாயம் கேட்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நான் உன்னிடம் சொன்னது பொய்யாகிவிட்டது. அது போதும் எனக்கு. என்னால் பன்னிரண்டு நாள் போனதை மட்டும் திருப்பித் தர முடியாது.

இனி எதற்கென்று அத்தான் தன் சைக்கிளை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டதாக உன் மகள் சொன்னாள். வெட்கப்படாமல் போய்த் திரும்ப வாங்கிவரச் சொல். நீ நன்றாகச் சாப்பிடு. இனி தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். திட்டுவதற்காவது ஒரு போன் போடு, அக்கா.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
தங்கை