வாசல் தொலைபேசியின் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

"அந்தப் பெயரைப் போட்டது நான்தான்" என்று அன்று நான் சொல்லவில்லை. உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம்.

அழைப்பவரின் பெயர் அலுவலகத் தொலைபேசிகளின் திரையில் தெரியும்படி அமைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மணிலாவிலும் நம் ஊர்போலத்தான். ஐம்பது வயதுக் கணக்காளரை 'பேபி' என்றால்தான் தெரியும். அதனால் பட்டப்பெயர்களையே பதித்தேன். வயதில் மூத்தவர் என்று நாங்கள் 'மாங்' போட்டு அழைக்கும் வாசல் காவலர் மாங் செல்சோவின் தொலைபேசிக்கு, எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லும் 'பொக்கைவாய்' என்பதைச் சிரித்துக்கொண்டே போட்டேன்.

மறுநாள் அவர் பார்சலோடு மேலே வந்திருந்தபோது, வாசலிலிருந்து இன்னொரு காவலர் அதே தொலைபேசியில் என்னை அழைத்தார். என் தொலைபேசித் திரையில் வந்த பெயரை மாங் செல்சோ வாசித்துவிட்டார்.

"யாரு மேடம் இது, நானா?"

"கண்ணாடியப் பாருங்க மாங், தெரியும்!" என்றாள் பக்கத்து மேசை ரோவெனா.

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"மெஷின் கோளாறு" என்றேன்.

கருவாடு அனுப்பும்போது பெட்டியின் மேல் முகவரியை நீங்களே எழுதுங்கள், தங்கை வேண்டாம்; அவள் என் பட்டப்பெயரைப் போட்டுவிடுவாள். மதிய இடைவேளை முடிகிறது.

பெயரை அன்றே மாற்றிவிட்டேன். இப்போது பார்வையாளர் வந்தால் மாங் செல்சோ தொலைபேசியில் அழைப்பதில்லை. நான்கு மாடி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்கள் மரிவிக்