கிளாரன்ஸ் தூங்குகிறான்

விஸ்கான்சின்
பிப்ரவரி 9

அன்பு மகள் கார்னாவுக்கு,

இங்கே நான், அம்மா, நாற்பத்தொரு மாடுகள் எல்லோரும் சுகம். அலாஸ்காக் குளிரில் நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் விறைக்காமல் நலமாக இருக்க வேண்டும். நீ விட்டுப்போன உன் பாம்பு கிளாரன்ஸும் சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதப்போவதைப் படித்தால் உனக்கு நெஞ்சு படபடக்கும், கடிதத்தைக் கிழிக்காமல் கடைசி வரை படி.

போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கிளாரன்ஸ் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய், தூங்குகிறான் என்றேன். பொய். அவன் எங்கே இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது. அம்மா பக்கத்தில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பாம்பை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அவள் சொன்னதால் பெட்டியைத் தொழுவத்தை ஒட்டிய பால் அறையில் வைத்திருந்தேன் அல்லவா. குளிர்காலத்தில் பால் பாம்பு சாப்பிடாது, குளிர்ந்த மூலையில் சும்மா கிடக்கட்டும் என்று நீ எழுதி ஒட்டியதைப் படிக்காமல் இல்லை. ஆனால் ஒரு ஜீவன் ஆறு வாரமாகப் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எனக்குக் காபி இறங்கவில்லை. பாலைக் குளிரவைக்கும் இயந்திரம் வெளியே சூட்டைத்தான் விடும், அதன் பக்கம் கதகதப்பாக இருக்குமே என்று பெட்டியை நகர்த்தினேன். அதோடு நின்றிருக்கலாம். ஒரு சாசரில் கறந்த சூட்டோடு பாலும் வைத்தேன். அது பால் குடிக்காது, பெயர்தான் அப்படி என்று நீ ஐம்பது தடவை சொல்லியிருக்கிறாய், ஆனால் என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அது மாட்டின் மடியில் வாய் வைக்கும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள், பெயர் வைத்தவன் என்ன முட்டாளா என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் எண்ணம். மூடியின் கொக்கியை மாட்ட மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் சாசர் காலி, பாம்பும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, கார்னா தோற்றாள் என்று. பூனை மீசையை நக்கிக்கொண்டு போனதை அப்புறம்தான் பார்த்தேன்.

அந்த வாரமே நம் மாடு ஜூனிப்பர் பாதிப் பால்தான் கறந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பக்கத்துப் பண்ணை ஆர்வில்லிடம் சொல்லித் தொலைத்தேன், மறுநாள் மண்வெட்டியோடு வந்து, "ஏம்ப்பா லாயிட், பாம்பையும் காணோம், பாலையும் காணோம், இதுக்கு மேல உனக்கு யாரு வந்து சொல்லணும்" என்றான். பத்து நாள் வைக்கோலைப் புரட்டினேன். ஒவ்வொரு மாட்டுக்கு அடியிலும் மண்டியிட்டுப் பார்த்தேன், ரூபி உதைத்த முழங்கால் இன்னும் வீங்கியிருக்கிறது. அவன் விறைத்துச் செத்திருப்பான் என்றே நினைத்தேன். உனக்கு ஆறு வயதில் நாய் செத்தபோது அதை ஒரு பண்ணைக்கு அனுப்பிவிட்டோம் என்றேன், நாம் இருப்பதே பண்ணைதானே என்று நீ கேட்டாய், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் திரும்பவும் வந்துவிடுமோ என்று எனக்கு அவ்வளவு பயம்.

பதினோராம் நாள் பார்த்தால் ஜூனிப்பரின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு வரும் குழாய் பாதி அடைத்துக் கிடக்கிறது. தாகம் தீரத் தண்ணீர் குடிக்காத மாடு எப்படிப் பால் கொடுக்கும். குழாயைக் கழற்றலாம் என்று இயந்திரத்தின் மேலிருந்த டூல்பாக்ஸைத் திறந்தால் ஸ்பேனர்களுக்கு நடுவே கிளாரன்ஸ், நடு உடம்பு புடைத்துக்கொண்டு. அன்றும் தேட வந்திருந்த ஆர்வில் மண்வெட்டியை ஓங்கினான். நான் டூல்பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "தள்ளுப்பா, வயித்தப் பாரு, எவ்ளோ பால் குடிச்சிருக்கு" என்றான். "அது எம் பொண்ணோட பாம்பு, மொதல்ல என்னை வெட்டு" என்றேன். சத்தம் கேட்டு வந்த அம்மா எட்ட நின்றே பார்த்துவிட்டு, "பாலுக்கு எங்கயாச்சும் வால் இருக்குமா" என்று கேட்டாள். அப்போதுதான் பார்த்தோம், கிளாரன்ஸின் வாயோரம் இரண்டாவது எலியின் வால் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் மூன்று பூனைகளும் சேர்ந்து செய்யாத வேலையை அவன் ஒருத்தன் செய்திருக்கிறான் என்று அம்மா சொல்கிறாள், ஆனாலும் வீட்டுக்குள் விடமாட்டாளாம். பொய் சொன்னது நீங்கதானே, நீங்களே எழுதுங்க என்று பேனாவைக் கையில் திணித்ததும் அவள்தான். மன்னித்துக்கொள், மகளே.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போடு. ஈஸ்டருக்கு வர டிக்கெட் எடுக்க மறக்காதே. எலிகள் செரிக்கும்வரை அவனைச் சூட்டிலேயே வைத்திருந்து, நேற்றுத்தான் குளிர்ந்த மூலைக்கு மாற்றிக் கொக்கியை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவன் எப்படி இருக்கிறான் என்று கேள். தூங்குகிறான் என்றுதான் சொல்வேன். இந்தத் தடவை நம்பு.

உன் அன்பு அப்பா,
லாயிட்