பெயர் வைக்கும் முன் போன இருபத்தைந்து பிள்ளைகள்

அனுப்புநர்:
த. மாயவன்,
கிராமத் தலையாரி,
காலனித் தெரு, சுக்காம்மேடு,
அரியலூர் வட்டம், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: சுக்காம்மேடு கிராமம் – ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஏட்டில் ஏறாமல் விடுபட்டது – அதைக் காரணம் காட்டி நர்சம்மா வருகையும் குடிநீரும் மறுக்கப்பட்டது – விடுபடக் காரணமானவனே தாக்கல் செய்யும் மனு.

பார்வை: எங்கள் ஊர் மனுவுக்குக் கிடைத்த பதில், நாள் 8.1.1979.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கிராமத்தில் பத்தொன்பது வருடமாகத் தலையாரி வேலை பார்த்து வருகிறேன். தண்டோரா போடுவது, தபால் பை சுமப்பது, அதிகாரிகள் வந்தால் இளநீர் வெட்டுவது இவற்றோடு, சனிக்கிழமைதோறும் காலையில் கிராம முன்சீப் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, அந்த வாரம் ஊரில் பிறந்தவர் யார், இறந்தவர் யார் என்று சொல்வதும் என் வேலை. நான் சொன்னால் அவர் ஏட்டில் எழுதுவார். சொல்லாததை அவர் எழுத வழியில்லை. இந்த மனு நான் சொல்லாமல் விட்டவற்றைப் பற்றியது. புகார் என்றால் இதில் முதல் எதிரி நான்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்கள் கிராமம் ஒரே பெயரில் இருந்தாலும் மூன்று குடியிருப்புகள் கொண்டது. ஊர்த்தெருவில் நூற்றிருபது வீடு. ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனியில் எழுபத்து நான்கு வீடு. அதற்கும் அப்பால், சுண்ணாம்புக் கல் வெட்டும் குழிகளின் கரையில், பல ஊர்களிலிருந்து கல் உடைக்க வந்தவர்களின் குடிசைகள் முப்பத்தெட்டு. சென்ற வருடம் காலனியிலும் குழிக்கரையிலும் பிள்ளைகள் அடுக்கடுக்காகப் போகவே, நர்சம்மா எங்கள் பக்கம் வர வேண்டும், அடிபம்பு போட வேண்டும் என்று மனுச் செய்தோம். பதில் தபால் பையில் வந்தது. அந்தப் பையைச் சுமந்து வந்தவனும் நானே. மூன்று வருட இறப்பு ஏட்டைச் சரிபார்த்ததில், காலனியில் ஒரே ஒரு குழந்தை இறப்பு, குழிக்கரையில் ஒன்றுமே இல்லை, ஊர்த்தெருவில் நான்கு, ஆகவே மேற்படி இடங்களில் அவசரத் தேவை ஏதும் எழவில்லை என்று அதில் கண்டிருந்தது.

3. ஐயா, ஏட்டின்படி பார்த்தால் எங்கள் குழிக்கரையைப் போலப் பிள்ளைகள் ஆயுசோடு வாழும் இடம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. குளமும் ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் பிள்ளை வளர்க்க அங்கே குடி வர வேண்டியதுதான். அந்தக் கடிதத்தை முன்சீப் அவர்கள் உரக்கப் படித்தபோது என்னால் அந்த வாசலில் நிற்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

4. எழுதியவர் பொய் எழுதவில்லை. நடந்தது இது. ஊர்த்தெருவில் பிள்ளைக்குப் பதினாறாம் நாள் பெயர் வைத்துவிடுவார்கள். எங்களிடையே முப்பதாம் நாள். ஆனால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு முப்பதிலும் பெயர் வைப்பதில்லை. கூப்பிட்டால்தானே எமன் காதில் விழும் என்று, காது குத்தும் வரை "ஏய்", "குட்டி" என்றே அழைத்து வளர்ப்பார்கள். குழிக்கரையார் சொந்த ஊர்க் கோயிலுக்குப் போய் மொட்டை போட்ட பிறகுதான் பெயர் வைப்பார்கள், அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும். பெயர் இல்லாமல் போன பிள்ளைக்குப் பறை கிடையாது, தீட்டு மூன்று நாளோடு சரி. தகப்பன் துணியில் சுற்றித் தூக்கிப் போய் ஓடைக்கரையில் புதைத்து, நாய் தோண்டாமல் மேலே முள் வெட்டிப் போட்டுவிட்டு வருவான். அதைச் சாவு என்று யாரும் சொல்வதில்லை, "தங்கல" என்பார்கள். சாவு இல்லாததை நான் சனிக்கிழமை எப்படிச் சொல்வேன் என்று விட்டுவிட்டேன். எந்த வீட்டில் அதிகம் போயிற்றோ அந்த வீட்டில் பெயர் வைப்பது அதிகம் தள்ளிப்போகும், அந்த வீட்டுக் கணக்கே அதிகம் விடுபடும். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

5. கடிதம் வந்த மறுநாள் தொடங்கி முப்பது நாள், மூன்று குடியிருப்பிலும் வீடு வீடாகப் போனேன். முதலில் ஒரு பிசகு செய்தேன். "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன். கொளஞ்சியம்மாள் என்ற எங்கள் காலனிப் பெண் மூன்று என்றாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டு, "அப்புடிக் கேட்டா உசுரோட இருக்கறதத்தான் சொல்லும். எத்தன தடவ தொப்புள்கொடி அறுத்துச்சுன்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். கொளஞ்சியம்மாள் விரலை மடக்கினாள். கடலை பிடுங்கும்போது ஒன்று, பெரிய மழையில் ஒன்று, மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் ஒன்று என்று ஒன்பது வரை மடக்கினாள். தேதி தெரியாதே தவிர ஒன்றையும் அவள் மறக்கவில்லை. அதன்பின் எல்லா வீட்டிலும் அப்படியே கேட்டேன். சில வீடுகளில் நான் கேட்ட பிறகுதான், போன பிள்ளைக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்கள்.

6. 1976 முதல் 1978 முடிய மூன்று வருடத்தில் பிறந்தவர்களில், நான் கண்ட விவரம்: ஊர்த்தெருவில் பிறந்தது அறுபத்தொன்று, இறந்தது ஐந்து. காலனியில் பிறந்தது ஐம்பத்திரண்டு, இறந்தது பதினான்கு. குழிக்கரையில் பிறந்தது இருபத்தொன்பது, இறந்தது பதினொன்று. ஆக முப்பது. ஏட்டில் இருப்பது ஐந்து. ஊர்த்தெருவில் பன்னிரண்டுக்கு ஒன்று போகிறது, எங்களிடம் நாலில் ஒன்றுக்கும் மேலே, குழிக்கரையில் மூன்றில் ஒன்றுக்கும் மேலே. மூன்று இடத்துக்கும் வானம் ஒன்று, மழை ஒன்று, கும்பிடுகிற மாரியாத்தாளும் ஒருத்தியே. ஆகவே தலையெழுத்து என்று சொல்பவர்களின் பேச்சை நான் இனிக் கேட்பதாக இல்லை.

7. போன விதமும் இடத்துக்கு இடம் வேறு. காலனியின் பதினான்கில் ஒன்பது, பிறந்த ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் போனவை. நன்றாகப் பால் குடித்த பிள்ளை திடீரென்று வாய் திறக்காது, உடம்பு வில்லாக வளையும், இழுப்பு வரும். எங்களிடம் கதிர் அறுக்கும் கருக்கரிவாளால் கொடி அறுத்து, சாணிச் சாம்பல் வைப்பது வழக்கம். அந்த இழுப்பு வராமல் இருக்கக் கர்ப்பிணிகளுக்கு ஊசி இருக்கிறது என்றும், மாதம் ஒருநாள் நர்சம்மா ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் அதைப் போடுகிறார் என்றும் அறிகிறேன். எங்கள் பெண்கள் அந்த மண்டபத்தில் கால் வைக்கும் வழக்கம் இல்லை. காரணத்தைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழிக்கரையில் புது பிளேடால் கொடி அறுப்பதால் இழுப்பு இல்லை. அங்கே பதினொன்றில் எட்டு, தவழும் வயதில், பங்குனி முதல் வைகாசி வரை, வயிற்றோட்டத்தில் போனவை. கல் வெட்டிய குழியில் தேங்கிய தண்ணீரைத்தான் அங்கே குடிக்கிறார்கள். ஒரு பிள்ளை அந்தக் குழியிலேயே விழுந்து போயிற்று. மீதி மணல்வாரி அம்மை, காய்ச்சல், குறைமாதம். அவை மூன்று இடத்திலும் உண்டு. பிள்ளைவாரியாகப் பட்டியல் இணைத்துள்ளேன்.

8. அந்தப் பட்டியலில் பதினேழாவதும் இருபத்திரண்டாவதும் என் மகள் செல்வம்மாள் பெற்றவை. முதலாவது ஆண், எட்டாம் நாள். இரண்டாவது பெண், ஏழாம் நாள். பெண் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல் வாசலில் போய் நின்றேன். "என்ன மாயவா, இந்த வாரம் ஏதும் உண்டா?" என்று முன்சீப் அவர்கள் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். என் கை நகத்தில் ஓடைக்கரை மண் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இறப்பு ஏட்டில் பெயர்க் கலத்தின் தலைப்பில் "பெயர் இருப்பின்" என்றே அச்சிட்டிருப்பதைச் சென்ற மாதம்தான் பார்த்தேன். பெயர் இல்லாவிட்டாலும் எழுதலாம். பத்தொன்பது வருடம் அந்த ஏட்டைக் கக்கத்தில் சுமந்தவன், எட்டாவது வரை படித்தவன், அதைப் படிக்கவில்லை.

9. எங்கள் காலனிக்குக் கொடி அறுக்கும் மருத்துவச்சி காத்தாயி, என் மனைவியின் அக்காள். பட்டியலைப் படித்துக் காட்டியதும், "நான் அறுத்துத்தான் இந்தக் காலனியே வளந்துச்சு, இப்ப எம்மேல கொலப்பழியா போடுறீங்க?" என்று மண்ணை வாரித் தூற்றினார். நான்கு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் அவரே வந்து, அரிவாளை என் மனைவியிடம் கொடுத்து, "இத வச்சிக்க. நர்சம்மா எப்புடி அறுக்குமோ அத எனக்குக் காட்டச் சொல்லு" என்றார். இந்த வார்த்தையை நம்பித்தான் இந்த மனுவை எழுதத் துணிந்தேன். அறுபது வயதில் அவர் கற்றுக்கொள்ளத் தயார். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் வர வேண்டும்.

10. ஆகவே தாங்கள் செய்ய வேண்டுவது: நர்சம்மா ஓடையைத் தாண்டி எங்கள் காலனிக்கும் குழிக்கரைக்கும் வாரம் ஒருநாள் வர உத்தரவிட வேண்டும். தற்போது இரு இடத்திலும் கர்ப்பிணிகள் பதினொரு பேர். அவர்களுக்கு ஊசி உடனே வேண்டும், ஏனெனில் நான்கு பேருக்குப் பங்குனியிலேயே பேறுகாலம். வயிற்றோட்டக் காலம் தொடங்கும் முன் குழிக்கரையில் ஓர் அடிபம்பு வேண்டும். காத்தாயிக்குப் பயிற்சியும், கொதிக்க வைத்துப் பயன்படுத்தும் கருவியும் தர வேண்டும். விடுபட்ட இருபத்தைந்து பிள்ளைகளையும், பெயர் இல்லாமலே, இறப்பு ஏட்டில் ஏற்ற வேண்டும். அவர்கள் ஏட்டுக்குள் வந்தால்தான் அடுத்த பதில் கடிதம் வேறு மாதிரி வரும். விசாரணைக்கு எந்த அதிகாரி வந்தாலும் வீடு வீடாக அழைத்துப் போகவும், ஓடைக்கரையில் முள் போட்ட இடங்களைக் காட்டவும் தயாராக இருக்கிறேன். கடமை தவறியதற்கு என்மேல் எடுக்கும் நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். வேலையே போனாலும் சரி. நர்சம்மா வந்த பிறகு அந்த உத்தரவு வந்தால் போதும்.

11. முப்பது நாளில் பதில் இல்லையெனில், பதினொரு கர்ப்பிணிகளையும் வண்டி கட்டி அழைத்துக்கொண்டு தங்கள் அலுவலக வாசலுக்கு நேரில் வருவோம். இதை மிரட்டல் என்று கொள்ள வேண்டாம். வண்டிக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

12. கடைசியாக ஒன்று. பங்குனியில் பேறுகாலம் உள்ள நால்வரில் என் மகள் செல்வம்மாளும் ஒருத்தி. இந்த முறை நாங்கள் காது குத்தும் வரை காத்திருக்கப் போவதில்லை. போன வெள்ளிக்கிழமை, காலனியார் எல்லோரும் கேட்க, வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்துவிட்டோம். ஆணாயிருந்தால் அரியமுத்து, பெண்ணாயிருந்தால் ராசாத்தி. கேட்டவர்கள் பயந்தார்கள், செல்வம்மாள் பயப்படவில்லை. இனி அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தாலும் அது ஏட்டில் ஏறியே தீரும், நானே சொல்வேன். அதைப் பிறப்பு ஏட்டில் மட்டும் சொல்லும்படி செய்வது தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: சுக்காம்மேடு
நாள்: 19.2.1979

இப்படிக்கு,
இனி ஒன்றும் விடாமல் சொல்லப்போகும்,
த. மாயவன்
(கையொப்பம்)

இணைப்பு: குழந்தைகள் பட்டியல், பக்கம் நான்கு. பெயர் தெரிந்தவை ஐந்து, மற்றவை தாயின் பெயரால் எழுதப்பட்டுள்ளன.