ஆடி பிறக்கும் முன் ஒரு கிரைண்டர்

2006 ஜூலை 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. இவருடைய வேட்டி பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில். சர்ச்சில் ஆறு மணிப் பூசை முடிந்து வந்து நெட் போட்டேன். மூன்றாவது முயற்சியில்தான் இணைப்பு.

வேண்டாத சாமானை இலவசமாகக் கைமாற்றும் எங்கள் மெயில் குரூப்பில் என் ஒப்புதலுக்கு நிற்கும் மெயில் 19. காரணம், ஆடி. பதினேழாம் தேதி ஆடி ஒன்று. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆகையால் மாறுகிறவர்கள் எல்லாம் இந்தப் பதினைந்து நாளுக்குள். மாறும்போதுதான் வேண்டாத சாமான் கண்ணில் படும். எங்கள் வீட்டில் ஆடியும் ஆவணியும் ஒன்றுதான். ஆனால் குரூப் நடத்த ஆரம்பித்த பிறகு என்னைப்போல் ஆடியை எதிர்பார்ப்பவர் திண்டுக்கல்லில் இல்லை.

இன்று விட்டவை:
கொடுக்க: இரும்புக் கட்டில், ஒரு கால் ஆட்டம்.
கொடுக்க: பிளஸ் டூ கைடுகள், போன வருஷத்து.
கொடுக்க: மிக்சி ஜார் மட்டும் (மிக்சி இல்லை. யாருக்கு ஆகும்? விட்டேன்).
வேண்டும்: குழந்தைக்கு நடைவண்டி.

நிறுத்தியது: 'பாதி விலைக்கு டிவி'. விற்பதற்கு வேறு இடம் பார்க்கட்டும்.

இந்தக் குரூப், பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் ஜெரோம் தொடங்கி என் தலையில் கட்டிவிட்டுப் போனது. 'அத்தை, நீங்க டீச்சர், உங்க பேச்சை நாலு பேர் கேப்பாங்க.' 83 பேர் இப்போது. பாதிப்பேர் பேங்க், ஸ்கூல், மீதிப்பேர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள்.

புது ஆளுக்கு விதிகளை மறுபடி அனுப்பினேன். காசு கூடாது. போன் நம்பர், முகவரி பொதுவில் கூடாது. கேட்டவர்களில் யாருக்கு என்பது கொடுப்பவர் இஷ்டம். யாருக்காக, எதற்காக என்று கேட்பவரை யாரும் துருவக்கூடாது. கடைசி விதி நான் போட்டது. சும்மா வாங்குகிறவரை நிற்க வைத்து விசாரணை நடத்துவது எனக்கு ஆகாது.

கட்டில், கைடு, மிக்சி ஜார் மூன்றுக்கும் பதினைந்து நிமிடத்தில் ஒரே ஆள் கையைத் தூக்கியாயிற்று. நிஷா-நெட். வழக்கம் போல.

ஜூலை 5, புதன்

பத்தாம் வகுப்புப் பேப்பர் 42 பாக்கி. 'உப்பின் வேதிப்பெயர்' கேட்டால் ஒருவன் 'தூள் உப்பு' என்கிறான்.

சாயங்காலம் சுந்தரராஜன் சார் போன். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், குரூப்பில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர்.

'மேடம், அந்த நிஷாங்கிற அம்மாவுக்கு எத்தனை வீடு? நாலு மாசமா எது வந்தாலும் அவங்களுக்குத்தான். என் தையல் மிஷினை எடுக்க ஒரு கிழவர் வந்தாரு. மெத்தைக்கு மில்லு சேலை கட்டின பொண்ணு. ஒவ்வொரு தடவையும் வேற ஆளு. இது பழைய சாமான் யாவாரம் மேடம், ஆள் வச்சுச் செய்யறாங்க.'

உட்கார்ந்து பழைய மெயில்களைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. மெத்தை, தையல் மிஷின், மூன்று சைக்கிள், பால் கேன், கழிப்பறை நாற்காலி, ஸ்கூல் பை ஏழு. ஒரு குடும்பத்துக்கு எதற்கு ஏழு பை, மூன்று சைக்கிள்? எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சூடாகும். சூடானது.

நிஷாவுக்கு எழுதினேன்: விளக்கம் தேவை. பதில் அரை மணியில், ஆங்கில எழுத்தில் தமிழ்: 'எல்லாம் தேவைப்படுறவங்களுக்குத்தான் சார்.' என்னைச் சார் என்கிறாள். விளக்கம் இல்லை.

நீக்கினேன். இனி குரூப் பக்கத்தைத் திறந்து படிக்கலாம், எழுத முடியாது. ஒரு பட்டன். வகுப்பில் ஒரு பையனை வெளியே நிறுத்தக்கூட இதைவிட யோசிப்பேன்.

ஆனாலும் நிம்மதியாகத்தான் இருக்கிறது. இரவு கத்தரிக்காய்க் குழம்பு, இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 8, சனி

கொடுக்க: டில்டிங் கிரைண்டர், பெரியது, கல் கொத்தியது, மோட்டார் நல்ல நிலை. போட்டவர் சுந்தரராஜன் சாரேதான். ஆடிக்கு முன் கோயம்புத்தூர், மகன் வீட்டுக்குப் போகிறார்கள். 'வரும் சனிக்கிழமை மதியத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்கு.'

யாரும் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் இப்போது டேபிள் டாப்.

ஜூலை 12, புதன்

மழை வரும்போல் இருந்து வரவில்லை. வாழைக்காய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன்.

குரூப்பில் சத்தமே இல்லை. ஒரு வாரத்தில் 'கொடுத்தாச்சு' என்று வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் மீன் தொட்டி. நிற்பவை: கிரைண்டர், இரண்டு மெத்தை, பாத்திரம் ஒரு சாக்கு, குடை ஆறு, ஒரு ஊன்றுகோல். நாங்கள் 82 பேரும் ஒருவருக்கொருவர் வேண்டாததை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடக்காமலே, 'வாங்குனவள வெரட்டிட்டு, வாங்க ஆளக் காணோம்னா எப்படி ஜெசி?'

மீதி விடைத்தாளை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன். 

ஜூலை 13, வியாழன்

போன் செத்துவிட்டது. ரோட்டில் எதற்கோ தோண்டி வயரை அறுத்திருக்கிறார்கள். மெயில் பார்க்கப் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எஸ்.டி.டி. பூத்தும் அதுவும் ஒரே கடை. போர்டைப் பார்க்கவில்லை, வெயில்.

உள்ளே சுவரில் என் மெயில்கள்.

நான் ஒப்புதல் கொடுத்தவை, ஒவ்வொன்றாகப் பிரிண்ட் எடுத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் இருந்ததை யாரோ கீழே தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கும் கீழே பேனாவில் பெயர்கள். ஊன்றுகோல்: சவரிமுத்து, அப்பாவுக்கு. மெத்தை: வேடசந்தூர் மில் லைன், ரெண்டு பேர். கிரைண்டர்: ஆறு பெயர், முதல் பெயர் பேச்சியம்மாள், சாணார்பட்டி. மேலே சிவப்பு மையில்: 'எல்லாம் இலவசம். யாராவது காசு கேட்டால் பாயிடம் சொல்லவும்.'

பிறகுதான் வெளியே வந்து போர்டைப் பார்த்தேன். நிஷா நெட். நிஷா கடைக்காரரின் மகள், மூன்றாம் வகுப்பு, கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம். அவர் பெயர் ஜாபர் பாய்.

மறுபடி உள்ளே போய் ஒரு மிஷின் முன் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது ஒரு பெண் வந்தாள், முப்பது வயது இருக்கும்.

'பாய், கிரைண்டரு என்னாச்சு?'

'போக மாட்டேங்குதும்மா பேச்சி. அஞ்சு தடவ அனுப்பிட்டேன், திரும்பித் திரும்பி வருது. நம்ம ஐடிய எடுத்துவிட்டுட்டாங்க போல.'

'சனிக்கிழமைக்குள்ள வந்தாகணும் பாய். ஊருல டீக்கடைக்காரரு ஞாயித்துக்கிழம காலையில இட்லி ஆரம்பிக்கிறாரு, ஆடி பொறந்துட்டா ஆரம்பிக்க மாட்டாராம். மாவு நாந்தான்னு பேச்சு. வீட்டு ஆட்டுக்கல்லுல கடைக்குக் காணுற மாவு ஆட்ட முடியாது. சனிக்கிழம சாயங்காலம் ஆட்டுனாத்தான் புளிக்கும். இல்லேன்னா டவுனுலருந்து பாக்கெட் மாவு எடுத்துக்கிறேங்கிறாரு. அப்பறம் நான் மறுபடி மில்லு பஸ்ஸுலதான் ஏறணும்.' கொஞ்சம் நிறுத்தி, 'பஞ்சு ஒத்துக்கலன்னுதான வந்தேன். அம்புட்டு தூசி.'

பேசும்போதே மூச்சு இளைத்தது.

நான் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான்தான் என்று சொல்லவில்லை.  எழுதவே வெட்கம்.

ஜூலை 14, வெள்ளி

கனவில்கூடச் சுவர்.

முதல் பீரியட் முடிந்ததும் இவர் செல்லிலிருந்து சுந்தரராஜன் சாரைக் கூப்பிட்டேன். (செல்லைக் காலையிலேயே கேட்டு வாங்கி வந்தேன். 'திருப்பிக் குடுப்பியா, இல்ல இதையும் குரூப்ல போட்ருவியா?') சார் பழைய இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டாராம், நாளை பன்னிரண்டு மணிக்கு வருகிறார். நிஷா நெட் கேட்கிறது என்றேன்.

'அந்தம்மாவுக்கு இரும்புக்காரன் தேவலாம் மேடம். அவன் நேர்மையாச் சொல்லிட்டு வாங்குறான்.'

போனில் விளக்கினால் புரியாது. 'சார், நாளைக்குப் பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வர முடியுமா? ஒரு இடம் காட்டணும்.' சாமான் கட்ட வேண்டும் என்று முனகினார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன். இந்தத் தடவை ஓடக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே.

'பாய், நான் ஸ்கூல் டீச்சர். உங்க ஐடிய எடுத்தது நான்தான்.'

மேலும் கீழும் பார்த்தார். 'நீங்களா மாடரேட்டரு? ஆம்பளன்னுல்ல நெனச்சேன். மெயிலெல்லாம் அம்புட்டு அதட்டலா இருக்கும்.'

நானும் அவரை நிஷா என்றே நினைத்திருந்தேன் என்றேன். மகள் சிரித்தாள்.

'ஒரு வார்த்த வெளக்கமாச் சொல்லியிருக்கலாமே பாய். செவுரு இருக்கு, இத்தன பேரு எழுதுறாங்கன்னு.'

'யாருக்கு, எதுக்குன்னு கேக்கக்கூடாதுன்னு நீங்கதான டீச்சர் ரூல் போட்டீங்க? நானும் எவரையும் கேக்கல. கேட்டவுக பேர வெளிய சொல்லலாமான்னு தெரியல. அதான் தேவைப்படுறவங்களுக்குன்னு மட்டும் போட்டேன்.'

என் விதி. என்னைத் தவிர ஊரில் எல்லாரும் அதைக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். ஒரு பையனுக்காகப் புத்தக மெயிலைப் பிரிண்ட் எடுத்தாராம், அவன் மறந்து வைத்துவிட்டுப் போக, அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டாராம். 'செவுரப் பாக்க வர்றவுக ஒரு போனும் பண்ணிட்டுப் போவாக. எனக்கும் யாவாரந்தான், பெருசா தருமம்னு நெனச்சுறாதீங்க.'

அவர் கடையிலேயே உட்கார்ந்து அவரை மறுபடி சேர்த்தேன். காசு வாங்கவில்லை. வாங்கச் சொல்லிச் சண்டை. வாங்கவில்லை.

ஜூலை 15, சனி

9.50: பாய் கடை. பேச்சியம்மாள் எனக்கு முன்பே வந்து நிற்கிறாள். விஷயத்தைச் சொன்னேன், நான்தான் என்பதையும்.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'இன்னைக்குக் கெடைக்குமா டீச்சர்?' அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

10.30: சார் இல்லை.

10.50: சார் இல்லை. போன் எடுக்கவில்லை. பாய் வெளியே போய் வெளியே போய்ப் பார்க்கிறார்.

11.05: வந்தார். சட்டையெல்லாம் தூசி, பரணைக் காலி செய்கிறாராம். சுவர் முன் கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். தன் தையல் மிஷின் மெயிலும் இருந்தது, பழையது, ஓரம் கிழிந்து. அதன் கீழே கோடு போட்டு 'கிடைத்தது, ஆர்.எம். காலனி டெய்லர்'.

'அந்தக் கிழவர் டெய்லரா?'

'ஆமா சார். மகன் மிஷின வித்துட்டான், கடை போச்சு. இப்பத் திரும்பத் தைக்கிறாரு' என்றார் பாய்.

கிரைண்டருக்கு வந்தார். ஆறு பெயரையும் விரலை வைத்து எண்ணினார். 'குரூப்ல ஒருத்தர்கூடக் கேக்கலையே' என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு, 'இதுல யாரு அவசரம்?'

பேச்சியம்மாள் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது மாதிரி. மற்ற ஐந்து பேரை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருந்தது. கொடுப்பவர் இஷ்டம் என்று விதி.

சார் எதற்கு என்று கேட்கவில்லை. 'மூணு பேரு புடிக்கணும், கல்லு கனம். பன்னண்டுக்கு இரும்புக்காரன் வந்துருவான், கெளம்புங்க' என்றார்.

போனபோது இரும்புக்காரர் வண்டியோடு வாசலில். வாயைத் திறக்கப்போனார். சார் பழைய பீரோ ஒன்றைக் காட்டி, 'அத எடுத்துக்கப்பா, இது போயிருச்சு' என்றார். பிறகு அவரே ஒரு பக்கம் பிடித்து லோடு ஆட்டோவில் ஏற்ற உதவினார். ஆட்டோ பாயின் மச்சானுடையது.

ஆட்டோ சாணார்பட்டி ரோட்டில் திரும்பும்வரை சார் வாசலில் நின்றார். 'கல்லைக் கழுவிட்டு ஆட்டச் சொல்லியிருக்கணும் மேடம். மூணு மாசமாப் பயன்படுத்தல.' அவளுக்குத் தெரியும் சார் என்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. மாவு புளித்ததா? நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் கரண்ட் போனதாக யாரோ சொன்னார்கள். வீட்டு போன் சரியாகிவிட்டது, ஆனால் கூப்பிட அவளிடம் போன் இல்லை.

குரூப்புக்கு மெயில் எழுதினேன். நிஷா-நெட் யார் என்று. நீக்கியது என் தவறு என்று. டீச்சராக இருந்து 'என் தவறு' என்று டைப் அடிப்பது சுலபமில்லை. மூன்று தடவை அழித்து எழுதினேன். இனிமேல் சுவரில் எழுதுகிறவர்களும் உறுப்பினர்கள்தான், அவர்களுக்காகப் பாய் எழுதுவார், ஒப்புதல் நிற்காமல் நேரே போகும்.

பதில்கள்: நன்றி 4. 'இப்படித் திறந்துவிட்டால் கட்டுப்பாடு என்னாகும்' 1. வெளியேறியவர் 1. மெத்தை இரண்டும் போய்விட்டது. ஊன்றுகோலும்.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. காற்று இன்று நிஜமாகவே ஆடிக்காற்று. சார் நேற்றே கோயம்புத்தூர் போயாயிற்று.

பள்ளி விட்டு வந்து நெட். முதல் முயற்சியிலேயே கிடைத்தது. காத்திருக்கும் மெயில் 3. அதற்கு முன்பே, ஒப்புதல் இல்லாமல் நேரே போன ஒன்று, நிஷா-நெட்டிலிருந்து:

'கொடுக்க: ஆட்டுக்கல் ஒன்று, குழவியோடு. பேச்சியம்மாள், சாணார்பட்டி. இனிமேல் எனக்குத் தேவைப்படாது. தூக்க ரெண்டு ஆளோட வரவும்.'