காது வைத்த சோறு

9-11-81, திங்கள்

விடியலிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். கோமதி இன்றும் சாப்பிடவில்லை. நான் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த நாளிலிருந்து இப்படித்தான். தாயில்லாத ஆறு வயதுப் பிள்ளை. கடை பிஸ்கட், வாழைப்பழம், அவ்வளவுதான். என் கை பட்ட எதையும் தொடமாட்டாள்.

போலகத்திலிருந்து நாத்தனார் வந்தார். "புள்ள எலும்பா போயிட்டு தம்பி. ஞாயித்துக்கெழம நான் அழைச்சிக்கிட்டுப் போயிடுறேன்."

இவர் தலையை ஆட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

10-11, செவ்வாய்

அடுத்த வீட்டு ஜுலைகா அக்கா ஒரு ஜப்பான் காலண்டர் காட்டினார். கப்பலில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. அதில் பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பா. சோற்றிலேயே முயல். "இப்புடி செஞ்சு குடுத்துப் பாரேன், புள்ள."

செய்தேன். குழைந்த சோறு, கேரட் காது, மிளகுக் கண், பீட்ரூட் வாய். வெகுநேரம் பார்த்தாள். காதைத் தொடப் போனவள், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பார்த்தால் முயல் முழுக்க எறும்பு. கொல்லையில் உட்கார்ந்து அழுதேன்.

12-11, வியாழன்

நேற்று இட்லி ஆமை. இன்று பூரியில் மீன், தோசையில் யானை. தும்பிக்கை கல்லிலேயே அறுந்தது, ஒட்டவைத்தேன். பள்ளிக்குக் கொடுத்துவிட்ட டப்பா அப்படியே திரும்பி வந்தது.

என்னால் முடியவில்லை. கை ஓங்கிவிட்டேன். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என் கை தானாக இறங்கியது.

"ஏம்மா திங்க மாட்டேங்குற?"

"நீங்க சோத்துல மருந்து வச்சிருவீங்களாம். தின்னா எங்கம்மா மாதிரி செத்துருவேனாம். அத்தை சொன்னாங்க."

இவரிடம் எப்படிச் சொல்வது? கூடப்பிறந்த அக்கா. நேற்று வந்த என்னையா நம்புவார்?

14-11, சனி

மழை விட்டிருக்கிறது. நாளைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அரிசி மாவை அவள் முன்னால் வைத்தேன்.

"நீயே செய்யி. நான் தொடமாட்டேன்."

முதலில் நகரவே இல்லை. பிறகு தானே தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டினாள். ஒற்றைக் கண் மீன்கள், வால் கோணல். அவளே இட்லித் தட்டில் அடுக்கினாள். நான் அடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டேன். வெந்ததும் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க தின்னுங்க."

வாலோடு தின்றேன். கண் கொட்டாமல் பார்த்தாள். தான் ஒன்றும் தின்னவில்லை. மிச்சத்தைத் தட்டால் மூடிவிட்டுப் போய்விட்டாள். எல்லாம் முடிந்தது.

15-11, ஞாயிறு

கண் விழித்தபோது தலைமாட்டில் கோமதி. என் மூக்கருகே அவள் விரல்.

"சித்தி, நீங்க சாவலையா?"

"இல்லடி தங்கம்."

அடுப்படிக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். ஒரு மீனைக் கடித்து, மென்று, விழுங்கினாள். "உப்பே இல்ல" என்றாள். என் கையால் உப்புக் கொடுத்தேன். தொட்டுக்கொண்டாள்.

அதற்குள் நாத்தனார் வந்துவிட்டார். பிள்ளை தின்பதைப் பார்த்தபடி நிலைப்படியிலேயே நின்றார். "கெளம்பு கோமு, பஸ்ஸு போயிடும்" என்றார். குரலில் பழைய வேகம் இல்லை.

கோமதி தட்டை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நான் வரல அத்தை. இன்னும் ரெண்டு மீனு இருக்கு."